அக்காவின் விரலை மெஷின் எடுக்கவில்லை

எங்கள் ஊர்க் குளியலறைகளில் பாதிக்கு மேல் என் அக்காவின் ரேகை பதிந்திருக்கிறது. அவள் விரலில்தான் இல்லை.

இதை முதல்முறை வீட்டில் சொன்னபோது அம்மா கரண்டியோடு வந்தாள். "வாயைக் கழுவுடி. அவ போற நேரத்துல அபசகுனமா." நான் ஓடிவிட்டேன். ஆனால் சொன்னது பொய்யில்லை.

அப்பா டைல்ஸ் போடுகிறவர். ரசமட்டத்தை வைத்து, ரப்பர் சுத்தியலால் டொக் டொக்கென்று தட்டி, ஒவ்வொரு டைல்ஸாக உட்கார வைத்துக்கொண்டு பின்னாலேயே நகர்வார். இரண்டு டைல்ஸுக்கு நடுவே இருக்கிற சந்தை அடைப்பது அக்கா. வெள்ளைச் சிமென்ட்டைப் பசை மாதிரிக் குழைத்துச் சந்துக்குள் ஏற்றி, வலது கை ஆள்காட்டி விரலைத் தண்ணீரில் தொட்டு, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் விரலை எடுக்காமல் ஒரே இழுப்பு. அதற்கென்று ரப்பர் கட்டை விற்கிறார்கள். அது மூலையில் தாண்டிப் போய்விடும் என்பார் அப்பா. கையுறை போட்டுக்கொள் என்றால் அக்கா கேட்கமாட்டாள். "கையுறை போட்டா கோடு தெரியாதுப்பா." கோடு கண்ணுக்குத் தெரியாது என்று அவள் சொல்லவில்லை. விரலுக்குத் தெரியாது என்கிறாள். பள்ளிக்கூடம் படித்த காலத்திலிருந்து இப்படித்தான். சிமென்ட் தோலைத் தின்னும். வேலை முடிந்து தரையை ஆசிட் விட்டுக் கழுவுவோம், சிமென்ட் விட்டுவைத்ததை அது தின்னும்.

அக்காவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அவளுக்கு எல்லாமே பயம். நாய், லிஃப்ட், போன் மணி, வாத்தியார், வாத்தியாரின் மனைவி. பயந்தால் அவள் கை இரண்டும் வியர்த்துக் கொட்டும். சும்மா ஈரமாவது இல்லை, சொட்டும். பரீட்சையில் விடைத்தாள் நனைந்து கிழிந்து, வேறு தாள் கேட்டு எழுந்து நிற்கவும் பயந்து, கிழிசலைச் சுற்றி எழுதி முதல் மார்க் வாங்கியவள். அதனால் நீலக் கட்டம் போட்ட ஒரு பெரிய கர்சீப் எப்போதும் அவள் இடது கைக்குள் சுருண்டு கிடக்கும்.

அந்தக் கர்சீப்பைத் திருடுவதுதான் சின்ன வயதிலிருந்து என் தொழில். ஃபேன் இறக்கையில் கட்டியிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பூனைக்குக் கழுத்தில் மாட்டி அனுப்பியிருக்கிறேன். என்னை வீட்டில் வாலு என்பார்கள், அதில் செல்லம் ஒன்றும் கிடையாது. பத்தாவதில் கணக்கு என்னைக் கைவிட்டது. பள்ளிக்கூடமும் நானும் பேசி, சண்டையில்லாமல் பிரிந்துவிட்டோம். அதிலிருந்து அப்பாவுக்குச் சிமென்ட் குழைக்கிறேன்.

இவ்வளவு பயந்தவளுக்கு வெளிநாடு போய்ப் படிக்கிற ஆசை எப்படி வந்தது என்று எல்லோரும் கேட்டார்கள். அதுவும் ஒரு தரையால் வந்ததுதான். நாங்கள் போட்ட ஒரு வீட்டுக் கூடத்தில் மழைக்குப் பிறகு டைல்ஸ் வரிசையாக எழும்பி, கூடாரம் மாதிரி நின்றுவிட்டது. வீட்டுக்காரர் தெருவில் வைத்து அப்பாவைக் கேட்ட கேள்வியை இங்கே எழுதமாட்டேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அக்கா கர்சீப்பைப் பிழிந்துகொண்டே, "எங்கப்பா போட்டதுல தப்பில்ல சார்" என்றாள். "அப்ப எதுல தப்பு, சொல்லும்மா" என்றார் அவர். அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து சிமென்ட்டுக்குள்ளே என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தே ஆகவேண்டும். உள்ளூர்க் கல்லூரியில் சிவில் படித்தாள். அதிலும் பாதிதான் தெரிந்தது. மீதி தெரிந்த ஆட்கள் கடல் தாண்டி ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள் என்றாள்.

அப்புறம் ஆரம்பித்தது விண்ணப்பம். பேருந்து நிலையத்துக்கு மேல்மாடியில் ஓர் ஆலோசனை மேடம் இருந்தார். "ஏன் படிக்க விரும்புகிறேன்" என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். அக்கா முதல் வரியாக, "எங்கள் ஊரில் தரைகள் எழுந்து நிற்கின்றன" என்று எழுதிக்கொண்டு போனாள். மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உலகத் தரம், கனவு, அப்படி ஏதாவது போடும்மா" என்றார். அக்கா சரி மேடம் என்று தலையாட்டிவிட்டு அதையேதான் அனுப்பினாள். இரண்டு இடத்தில் வேண்டாம் என்றார்கள். தரை எழுந்து நிற்கிற கதையைக் கேட்க ஓரிடத்தில் மட்டும் ஆள் இருந்தது. படிப்புச் செலவையும் அவர்களே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அம்மா அழுதாள். அப்பா வெளியே போய்விட்டு வந்தார், எதற்குப் போனார் என்று தெரியாது.

இனி விசா ஒன்றுதான் என்றார் மேடம். அந்த 'ஒன்றுதான்' என்கிற வார்த்தையை நம்பவே கூடாது.

விசா அலுவலகத்தில் பத்து விரலையும் கண்ணாடி மேல் வைக்க வேண்டும். உள்ளே அக்காவை மட்டும் விட்டார்கள். நானும் அப்பாவும் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில். எங்களுக்குப் பிறகு வந்தவர்களெல்லாம் போய்விட்டுச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அக்கா வரவில்லை. கடைசியில் வந்தபோது இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு வந்தாள், புதுப் பெயின்ட்டைத் தொட்டுவிட்டவள் மாதிரி.

"எடுக்கல" என்றாள்.

"எதைம்மா?" அப்பா எழுந்துவிட்டார்.

"விரலை. மெஷின் எடுக்கலப்பா. ஒவ்வொரு தடவையும் கர்சீப்ல நல்லாத் துடைச்சுத் துடைச்சுத்தான் வச்சேன். சிவப்பு லைட்டே எரியுது. விரலே இல்லாத மாதிரி."

அப்போதுதான் பழசெல்லாம் ஞாபகம் வந்தது. மொழித் தேர்வு எழுதப் போன இடத்தில் வாசலில் விரல் வைக்கச் சொல்லி, எடுக்காமல், போட்டோவைப் பார்த்து உள்ளே விட்டார்கள். அதற்கு முன்னால் ஒரு பெரிய அடுக்குமாடி வேலையில் கேட்டில் கட்டைவிரல் வைத்தால்தான் கதவு திறக்கும். அக்காவுக்கு ஒருநாளும் திறந்ததில்லை, வாட்ச்மேன் திறந்துவிடுவார். "உன்னை மெஷினுக்கே பிடிக்கல" என்று நான் கிண்டல் செய்வேன். எல்லோரும் சிரித்தோம். அக்காவும்.

இன்னொரு முறை வரச் சொல்லித் தேதி கொடுத்திருந்தார்கள். அன்றைக்கும் எடுக்கவில்லையென்றால் ஃபைல் பெரிய ஆபீசுக்குப் போகும், அங்கிருந்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆலோசனை மேடம் போனில் மெதுவாகச் சொன்னார்: "காலேஜ் சேர்ற தேதி அதுக்காக நிக்காதும்மா. சீட்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

பேருந்தில் திரும்பி வரும்போது அப்பா தன் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தபடியே வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் கருவிப் பையிலிருந்து சிமென்ட் தட்டை எடுத்து என் காலடியில் வைத்தார். "இனிமே சந்து அடைக்கிறது நீ."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு புது ராணி முளைத்தாள். அம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். அக்கா தண்ணீரைத் தொடக்கூடாது, சோப்பைத் தொடக்கூடாது, துடைப்பத்தைத் தொடக்கூடாது. மருந்துக்கடைக்காரர் கொடுத்த களிம்பைப் பூசி, இரண்டு கையிலும் பிளாஸ்டிக் கவரை மாட்டி உட்கார வைத்தாள். சோறு ஊட்டுவது, தலை வாருவது, மூக்குச் சொறிந்துவிடுவது எல்லாம் என் பொறுப்பு.

"வாயைத் திற, மகாராணி."

"சின்ன உருண்டையாப் போடுடி. சிமென்ட் மூட்டை ஏத்துற மாதிரித் திணிக்காத."

"வேணும்னா நீயே எடுத்துச் சாப்பிடேன். ஓ, கை பார்சல் பண்ணிருக்கா?"

ஒருநாள் கண்மையை எடுத்து அவளுக்கு முறுக்கு மீசை வரைந்துவிட்டேன். துடைக்கக் கை கிடையாதே. கண்ணாடியைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்று, "வராதோடி?" என்றாள். மீசையோடு அப்படிக் கேட்டால் யாராலும் சிரிக்க முடியாது. "எல்லாம் வரும், உன் மீசையே வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அப்பா வேலையிலிருந்து வந்தால் செருப்பைக் கழற்றும் முன்பே அக்காவின் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்புவார், மட்டம் பார்ப்பது போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு. "வந்துட்டிருக்கு கண்ணு. நேத்துக்கு இன்னைக்குப் பரவாயில்ல." கண்ணாடி போடாமல் அப்பாவுக்குத் தன் கையிலேயே எத்தனை விரல் என்று தெரியாது. அது அக்காவுக்கும் தெரியும்.

ஆனால் நான் பார்த்தேன். வரவில்லை. ஆரம்பத்தில் நுனியில் மெல்லிசாகக் கோடு ஓடிய மாதிரி இருந்தது. பிறகு அதுவும் போய், தேய்ந்த படிக்கல் மாதிரி வழுவழுவென்று ஆகிவிட்டது. இவ்வளவு காத்தும் ஏன் குறைகிறது? எனக்கு அது புரியவில்லை. புரியாத பயம்தான் பெரிய பயம். கணக்கு வாத்தியாரிடம் அதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு சாயங்காலம் ஊட்டிக்கொண்டிருந்தபோது அவள் கவரைக் கழற்றி நெற்றி முடியை ஒதுக்கினாள். ஒரு வாசம் வந்தது.

"அக்கா, உன் கையில ஏன் பெயின்ட் தின்னர் வாசம் வருது?"

"உன் கையாத்தான் இருக்கும்."

என் கையை மோந்தேன். சோறும் வெள்ளைச் சிமென்ட்டும். அவள் கையைப் பிடித்து மூக்கில் வைத்தேன். பெயின்ட் கடையே உள்ளே இருந்தது.

"எதைத் தொட்ட?"

எழுந்து பின்கட்டுக்குப் போனாள், நானும் போனேன். அப்பாவின் மிச்ச டைல்ஸ் அடுக்குக்குப் பின்னால் ஒரு வெள்ளை டைல்ஸ் தனியாகச் சாய்த்து வைத்திருந்தது. பக்கத்தில் நீல ஸ்டாம்ப் பேட், ஒரு துணி, தின்னர் டப்பா. தினமும் அம்மா குளிக்கப் போகிற நேரத்தில் வந்து, பத்து விரலையும் மையில் ஒற்றி, டைல்ஸில் பதித்துப் பார்த்திருக்கிறாள், ரேகை வந்துவிட்டதா என்று. பார்த்துவிட்டு மையைத் துடைக்கத் தின்னர். எங்கள் வீட்டில் கறை என்றால் தின்னர்தான். பெயின்ட்டா, பசையா, மையா, எடு தின்னரை. அதைப் பற்றி யாரும் யோசித்ததே இல்லை. தோலை உரிக்கும் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். தெரிந்தும், கறை என்றால் கை அந்த டப்பாவுக்குத்தான் போகும்.

"அடிப்பாவி. வளர்றதை நீயே தினமும் உரிச்சிருக்க. நீ இன்ஜினியரா, இல்ல இந்த டைல்ஸ் இன்ஜினியரா?"

பேயறைந்த மாதிரி நின்றாள். டப்பாவைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். "எனக்குத் தெரியணும்டி" என்றாள். "தெரியாம எப்படி உட்கார்ந்திருக்கிறது?"

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவள் முழங்கை வழியாக வியர்வை சொட்டியது. ஸ்டாம்ப் பேடைத் தூக்கி அடுத்த வீட்டு மொட்டை மாடிக்கு எறிந்தேன். தின்னரைக் கருவிப் பையில் போட்டுப் பூட்டினேன். "அம்மாகிட்ட சொல்லமாட்டேன். ஆனா இனிமே நீ பார்க்கக்கூடாது. நான் பார்த்துச் சொல்றேன்."

"நீ பொய் சொல்வ."

"அப்பா சொல்றதை நம்புற, என்னை நம்பமாட்டியா?"

அன்றிலிருந்து தினமும் ஜன்னலோரம் உட்கார வைத்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தேன். "இன்னைக்கு எப்படி?" "நேத்தை விட ஒரு கோடு கூட." "சத்தியமா?" "உன் கர்சீப் மேல சத்தியம்." சில நாள் நிஜம். சில நாள் வெறும் சத்தியம்.

அந்த நாட்களில் எனக்கு இரண்டு பயம் இருந்தது. மெஷின் அவளை எடுக்காதோ என்பது ஒன்று, அதை வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். எடுத்துவிடுமோ என்பது இன்னொன்று. அதைச் சொன்னால் அவள் போகமாட்டாள். அதனால் வாயை மூடிக்கொண்டு அவள் தலையைக் கொஞ்சம் அழுத்தி வாரினேன்.

மறுபடி வரச் சொன்ன தேதி வந்தது. அப்பா இஸ்திரி போட்ட சட்டை மாட்டியிருந்தார், விரல் வைக்கப்போவது அவர் என்பது போல. அதே கூடம், அதே பிளாஸ்டிக் நாற்காலி, பற்கள் கிட்டித்துப்போகிற ஏசி. அக்கா நடுவில் உட்கார்ந்து கர்சீப்பால் விரலைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். ஒவ்வொரு நுனியையும் சந்தை இழுப்பது போல அழுத்தித் துடைத்தாள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னவோ உறுத்தியது.

அந்த அடுக்குமாடி கேட் ஞாபகம் வந்தது. எங்களோடு வேலை செய்த கொத்தனார் ஒருவர், அவருக்கும் தேய்ந்த கைதான். கட்டைவிரலை வைப்பதற்கு முன்னால் வாயருகே கொண்டுபோய் 'ஹா' என்று ஊதுவார். விரல் லேசாக ஈரமானதும் பச்சை எரியும், உள்ளே போவார். அவர் பின்னால் அக்கா வருவாள். கர்சீப்பில் நன்றாகத் துடைத்துவிட்டு வைப்பாள். சிவப்பு.

சொல்லலாம் என்று வாயெடுத்தேன். சொன்னால் கேட்பாளா? ஆபீசர் முன்னால் ஈரக் கையை வைப்பதற்குச் செத்துப்போகலாம் என்பாள். என் பேச்சை நம்பவும் மாட்டாள், நம்பும்படி நான் என்றைக்கு நடந்திருக்கிறேன்? சொல்ல ஆரம்பித்தால் அவள் கேள்வி கேட்பாள், நேரம் போய்விடும். எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை ஒன்றுதான்.

கர்சீப்பை மடியில் வைத்துவிட்டு அவள் ஃபைலை எடுத்த நேரம். அவ்வளவுதான் வேண்டும் எனக்கு.

அவள் நம்பரைக் கூப்பிட்டார்கள். எழுந்தாள். மடியைத் தடவினாள், நாற்காலிக்கு அடியில் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"குடு."

"எதை?"

"ஏய். விளையாடாதடி. இன்னைக்கு வேணாம்டி, உன் காலைப் பிடிக்கிறேன்."

"என்கிட்ட இல்லக்கா."

மறுபடி கூப்பிட்டார்கள். அப்பா திரும்பி, "குடுத்துடு" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். கர்சீப் என் காலுறைக்குள் இருந்தது. அக்கா ஒரு பார்வை பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கையில் தண்ணீர் வழிய உள்ளே போனாள்.

அப்பா நாற்காலியை நகர்த்திப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். நான் கதவையே பார்த்தேன். ஒருவேளை அதிக ஈரமானாலும் எடுக்காதோ? ஊதிய ஈரம் வேறு, கொட்டுகிற ஈரம் வேறு அல்லவா? இதை நான் ஏன் முன்னால் யோசிக்கவில்லை? இன்றைக்கு எடுக்கவில்லையென்றால் அது தேய்ந்த விரலால் அல்ல, வாலு செய்த வேலையால் என்று ஆயுசு முழுக்க இருக்கும். அக்கா வீட்டிலேயே இருப்பாள், என்னோடு பேசாமல். காலுறைக்குள் அந்தத் துணி கல் மாதிரி உறுத்தியது.

கதவு திறந்தது. அக்கா மெதுவாக வந்தாள். முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

"எட்டு எடுத்துச்சு" என்றாள்.

அப்பா எழுந்தார். "மிச்சம் ரெண்டு?"

"கவுன்ட்டர்ல இருந்த மேடம் டிஷ்யூ குடுக்க வந்தாங்க. அதுக்குள்ள பதட்டத்துல கையை அப்படியே வச்சுட்டேன். பச்சை எரிஞ்சுது. அப்ப அவங்களே, துடைக்காதம்மா, அப்படியே வைன்னுட்டாங்க. இந்த விரலும் பக்கத்து விரலும் மட்டும் வரல. தேய்ஞ்சிருக்குன்னு குறிச்சுக்கிட்டாங்க. போதுமாம்."

அவள் நீட்டிக் காட்டியது சந்து இழுக்கிற ஆள்காட்டி விரலை. அப்பா அதைத் தன் கைக்குள் மூடிக்கொண்டார். அக்கா இன்னொரு கையால் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். சட்டையில் ஐந்து விரலும் உப்புக்கறையாகப் பதிந்திருந்ததாம், அம்மா வீட்டில் பார்த்துச் சொன்னாள்.

விசா வந்தது. அம்மா பெட்டியைக் கட்டிக் கட்டிப் பிரித்தாள். அங்கே இறங்கியதும் விமான நிலையத்திலும் விரல் வைக்க வேண்டும் என்று ஆலோசனை மேடம் சொன்ன அன்று அம்மா பழையபடி களிம்பையும் பிளாஸ்டிக் கவரையும் எடுத்துவிட்டாள். வழியனுப்பும்போது அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, "ஒழுங்கா இரு" என்றாள். நான் ஒழுங்காக, பழக்கப்பட்ட கையால், என் வேலையைச் செய்துவிட்டு விலகி நின்றேன்.

மறுநாள் நானும் அப்பாவும் ஒரு குளியலறையில் இருந்தோம். கவிழ்த்த வாளிமேல் போனை வைத்துவிட்டு அப்பா தட்டிக்கொண்டிருந்தார். ஒரே டைல்ஸைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவள் இறங்கியிருக்க வேண்டிய நேரம் தாண்டிப் போயிருந்தது. நான் இழுத்த கோடு அறை பாதியில் பாம்பு மாதிரி நெளிந்தது. அப்பா அதைப் பார்த்தும் திட்டவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

போன் அடித்தது. இருவர் கையிலும் சிமென்ட். அப்பா குனிந்து முழங்கையால் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார்.

"திருட்டுக் கழுதை, கர்சீப் எங்கடி?"

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார், ஈரச் சிமென்ட்டிலேயே. "உள்ள விட்டுட்டாங்களா கண்ணு?"

"விட்டுட்டாங்கப்பா. முதல் தடவையே பச்சை. உங்க சின்னப் பொண்ணு புண்ணியம்."

"சாப்பிட்டியா?"

"ம். வாலு, கையில கிளவுஸ் போட்டிருக்கியாடி?"

"போட்டிருக்கேன்" என்றேன், வெறும் விரலைப் பார்த்துக்கொண்டு.

"பொய். அப்பா, அவளுக்குப் போட்டுவிடுங்க. கோடு கோணலாப் போனாப் போகட்டும்."

"ஏற்கெனவே கோணல்தான்" என்றார் அப்பா. கருவிப் பையைத் துழாவி ஒரு ஜோடியை எடுத்து என் மடியில் போட்டார்.

அந்தப் பக்கம் யாரோ புரியாத மொழியில் அறிவிப்பு செய்வது கேட்டது. பிறகு அக்கா மெதுவாக, எனக்கு மட்டும் சொல்வது போல, "இங்க எல்லாமே பயமா இருக்குடி" என்றாள்.

"கை வியர்க்குதா?"

"சொட்டுது."

"நல்லது" என்றேன். "துடைக்காத."